துளை போடும் நாளில் மனையில் நில்லுங்கள்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் மண் பரிசோதனை செய்வது எப்படி

"பக்கத்து மனையில மூணு மாடி அசையாம நிக்குது சார், நமக்கு எதுக்கு சாயில் டெஸ்ட்?" கடலூரில் வேலை பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. ஆறுகள் தடம் மாறி ஓடிய ஊர் இது. பக்கத்து மனைக்கு அடியில் பழைய ஆற்று மணல் கிடக்கலாம், உங்கள் மனைக்கு அடியில் அந்த ஆறு ஒதுக்கிவிட்டுப் போன களி கிடக்கலாம். நடுவில் இருப்பது ஒரு மதில் சுவர்தான்.

முதல் முறையாக அடுக்குமாடியோ, கல்யாண மண்டபமோ, கிடங்கோ கட்டப் போகிறவர்களுக்கும், படித்து முடித்துவிட்டு முதல் சைட்டுக்கு அனுப்பப்பட்ட இளம் பொறியாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். மண் பரிசோதனை என்றாலே ஆய்வகத்தில் நடக்கும் சமாசாரம் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் முக்கால்வாசிப் பிழை மனையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. தப்பாக எடுத்த மண்ணை எந்த ஆய்வகத்தாலும் திருத்த முடியாது.

முதலில் ஊரைப் பாருங்கள்

இயந்திரம் வருவதற்கு முன்னால் ஒரு நாள் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றிவாருங்கள். இந்தப் பக்கத்தில் பயிரே பாதி கதையைச் சொல்லிவிடும். பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகிற வழியில் முந்திரியும் பலாவும் தெரிகிற இடமெல்லாம் செம்மண் மேடு. சரளையும் கூழாங்கல்லும் கலந்தது. கடலூர் கேப்பர் மலை, புதுச்சேரி கோரிமேடு, லாசுப்பேட்டை, காலாப்பட்டு, ஆரோவில் எல்லாம் ஏறக்குறைய இதே வகை. புவியியலாளர்கள் இந்தப் படிவத்துக்கு நம்முடைய ஊர்ப் பெயரையே வைத்து 'கடலூர் மணற்கல்' என்கிறார்கள். திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடப்பது இதில்தான். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி புதைந்திருப்பதும் இதற்குள்தான்.

கரும்பும் நெல்லும் தெரிந்தால் வண்டல். நெல்லிக்குப்பம் பக்கம், பாகூர் பக்கம், கெடிலம், தென்பெண்ணை, சங்கராபரணிக் கரைகள் எல்லாம் அப்படி. மேலே நல்ல மண்ணாகத் தெரியும். கீழே மணலும் களியும் மாறி மாறி அடுக்கடுக்காக வரும். தேவனாம்பட்டினம், தாழங்குடா, வீராம்பட்டினம் போன்ற கரையோரங்களில் கடல் மணல். அதற்குப் பின்னால், உப்பனாற்றையும் உப்பங்கழியையும் ஒட்டிய இடங்களில் கறுத்த சேற்றுக் களி. நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

'பாறை' என்ற சொல்லைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். கேப்பர் மலையில் கடப்பாறை இறங்காத இடம் வந்ததும் மேஸ்திரி "பாறை வந்துடுச்சு" என்பார். அது பெரும்பாலும் இரும்புச் சத்தால் இறுகிப்போன செஞ்சரளை, இல்லாவிட்டால் அரைகுறையாக இறுகிய மணற்கல். கடலூர் நகரத்துக்கு அடியில் உண்மையான அடிப்பாறை நம்முடைய சோதனைத் துளை எட்டிப் பார்க்க முடியாத ஆழத்தில் கிடக்கிறது. மேற்கே வானூர் தாண்டி மயிலம், திண்டிவனம் பக்கம் போனால் கதையே வேறு. அங்கே கருங்கல் தரைக்கு மேலேயே தலையை நீட்டிக்கொண்டிருக்கும். குவாரிகளைப் பார்த்தாலே தெரியும். இரண்டுக்கும் நடுவில் வழுதாவூர்ப் பக்கம், கடற்சிப்பிகள் பதிந்த சுண்ணாம்புக் கல்லும் களியும் கலந்த பழைய கடல் படிவம் ஒன்று ஓடுகிறது. ஒரு மணி நேர வண்டிப் பயணத்துக்குள் இத்தனை மாற்றம்.

அப்புறம் காகிதம். கடலூர் மாவட்டத்து மனை என்றால் புலப்படமும் (மனையின் நில அளவை வரைபடம்) அ-பதிவேடும் (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) எடுத்து, அந்தப் புல எண்ணோ அக்கம்பக்கத்து எண்ணோ குட்டை, வாய்க்கால், ஏரி என்று பதிவாகியிருக்கிறதா பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைத் திருப்பிப் பார்க்கலாம். தூர்த்த குட்டை, செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம், மூடிய கிணறு எல்லாம் அதில் அகப்படும். அந்தத் தெருவில் வயதானவர் யாராவது இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது, 2024 ஃபெஞ்சல் புயலின்போது எத்தனை நாள் வடியாமல் நின்றது என்று கேளுங்கள். அந்தப் பேச்சு பிறகு அறிக்கை படிக்கும்போது உதவும்.

குடிநீர் போர் போட்டவர் சொல்லும் விவரத்தையும் குறித்துக்கொள்ளலாம். ஆனால் அது குறிப்பு மட்டும்தான். அந்த வேகத்தில் துளைக்கும்போது மண்ணெல்லாம் கலந்து கூழாகித்தான் மேலே வரும். எந்த அடியில் எது இருந்தது, எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பது அதில் நிற்காது.

எத்தனை துளை, எவ்வளவு ஆழம்

இதற்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1892 இருக்கிறது. ஏறக்குறைய ஒரு ஏக்கர், அதாவது 0.4 ஹெக்டேர் அளவுள்ள இடத்தில் நெருக்கமாகக் கட்டுவதானால் நான்கு மூலையிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று என்பது அதன் பொது வழி. சிறிய கட்டடத்துக்கு நடுவில் ஒன்று போதும் என்று இடம் கொடுக்கிறது. நான் ஒன்றோடு விட மாட்டேன். ஒரே துளை போட்டால் மண் மாறுகிறதா இல்லையா என்ற கேள்விக்கே பதில் கிடைக்காது. இரண்டு கிரவுண்டு மனையாக இருந்தாலும் எதிரெதிர் மூலையில் இரண்டு போடச் சொல்வேன்.

ஆழத்தை நிர்ணயிப்பது கட்டடத்தின் பாரம். அஸ்திவாரத்தின் அகலத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம்வரை அதன் அழுத்தம் கீழே உறைக்கும்; அதுவரையாவது தெரிந்திருக்க வேண்டும். கணக்கு அஸ்திவாரம் உட்காரும் மட்டத்திலிருந்து தொடங்குகிறது, தரையிலிருந்து இல்லை. தூணுக்குத் தூண் தனித்தனி ஃபுட்டிங் (அடித்தளம்) என்றால் இது சின்ன எண்ணாகத்தான் வரும். முழு மனைக்கும் ஒரே ராஃப்ட் (பலகை போன்ற அடித்தளம்) என்றால் அகலம் கட்டடத்தின் அகலம், ஆழமும் அதற்கேற்ப எகிறும். பைல் (ஆழமாக இறக்கும் அஸ்திவாரத் தூண்) போட வேண்டியிருக்கும் என்று சந்தேகம் இருந்தால் பைல் முனைக்கும் கீழே பல மீட்டர் போக வேண்டும். ஆகவே கட்டமைப்புப் பொறியாளரிடம் தூண் பாரம் தோராயமாகக் கேட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு ஆர்டர் கொடுங்கள். "பத்து மீட்டர் போடுங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள்.

ஆர்டரில் இவ்வளவாவது எழுத்தில் இருக்கட்டும்: ஒவ்வொரு 1.5 மீட்டருக்கும், மண் மாறும் ஒவ்வொரு இடத்திலும் எஸ்.பி.டி. (சுத்தியலால் அடித்து மண்ணின் உறுதியை அளக்கும் சோதனை); களி வந்தால் கலையாத மாதிரி; நிலத்தடி நீர்மட்டம்; மண்ணிலும் நீரிலும் குளோரைடு, சல்பேட்; பாறை வந்தால் குறைந்தது 3 மீட்டர் கோர் (அறுத்து எடுக்கும் உருளைத் துண்டு). எதிர்பார்த்த ஆழத்தில் இளகிய மண்ணே நீடித்தால் நிறுத்தாமல் மேலும் போக வேண்டும் என்ற வரியையும் சேருங்கள். இந்த ஒரு வரி இல்லாததால் "ஒப்பந்தம் 15 மீட்டர்தானே" என்று சேற்றுக் களிக்கு நடுவிலேயே துளை போடும் முக்காலியைக் கழற்றிக்கொண்டு கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் செய்வது? வடகிழக்குப் பருவமழை முடிகிற சமயம், டிசம்பர் வாக்கில், நீர்மட்டம் உச்சத்தில் இருக்கும். கணக்குக்கு வேண்டியது அந்த உச்சம். மே மாதத்தில்தான் செய்ய முடியும் என்றால் சரி, செய்யுங்கள். அறிக்கையில் தேதியோடு நீர்மட்டம் இருக்கட்டும். மழைக்கால மட்டத்தைப் பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் கேட்டு வடிவமைப்பாளரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

துளை போடும் நாள்

ஒரு துளைக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். நாற்காலி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முக்காலி, வின்ச், டீசல் இன்ஜின், குழாய்கள், பென்டோனைட் (துளைச் சுவர் சரியாமல் தாங்கும் களிப்பொடி) மூட்டை இவ்வளவும் வந்து இறங்கும். முதலில் துளை இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்து, தரைமட்டத்தை நகராத ஏதாவது ஒன்றோடு ஒப்பிட்டு எழுதிவையுங்கள். சாலையின் நடு மட்டம் போதும். பிறகு மனையில் இரண்டடி மண் கொட்டி உயர்த்திவிட்டால், அறிக்கையில் உள்ள 3 மீட்டர் எங்கே இருந்து எண்ணிய 3 மீட்டர் என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

எஸ்.பி.டி. என்பதுதான் நம் ஊர் மண் பரிசோதனையின் முதுகெலும்பு. 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, துளையின் அடியில் இருக்கும் பிளவுக் குழாயை மண்ணுக்குள் அடித்து இறக்குவார்கள். 15 செ.மீ. வீதம் மூன்று தடவை. முதல் 15 செ.மீ. கலைந்த மண், அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்த இரண்டுக்கும் எத்தனை அடி ஆனதோ அதன் கூட்டுத்தொகைதான் 'என் (N) மதிப்பு'. 6, 9, 11 என்று வந்தால் என் மதிப்பு 20.

இதில் தவறு நடக்க எத்தனை வழி என்று கேட்டால், நீளமான பட்டியலே போடலாம். சாக்பீஸால் குழாயில் 15 செ.மீ. கோடுகள் போட்டிருக்கிறார்களா பாருங்கள். சாயங்காலம் ஆக ஆக, கை அசந்துபோய், சுத்தியலை 75 செ.மீ.க்குத் தூக்காமல் 50, 60 என்று தூக்குவார்கள். எண்ணிக்கை கூடும், மண் இருப்பதைவிட உறுதியாகத் தெரியும். கயிறு வின்ச் உருளையில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் சுற்றியிருந்தால் சுத்தியல் தடையின்றி விழாது. அப்போதும் எண்ணிக்கை கூடும். இரண்டு பிழையும் ஆபத்தான பக்கமே சாய்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

நேர்மாறான பிழை ஒன்று, கரையோர மணலில் அடிக்கடி நடப்பது. துளைக்குள் இருக்கும் தண்ணீர் வெளி நீர்மட்டத்தைவிடக் கீழே இறங்கிவிட்டால், வெளி நீர் அடியிலிருந்து பொங்கி மணலையும் கூட்டிக்கொண்டு குழாய்க்குள் ஏறும். கலைந்த அந்த மணலில் அடித்தால் என் மதிப்பு 3, 4 என்று பரிதாபமாக வரும். நல்ல மணலுக்குத் தேவையில்லாமல் பைல் செலவு வந்து சேரும். துளை எப்போதும் விளிம்புவரை நீரோ பென்டோனைட் கரைசலோ நிறைந்து நிற்கட்டும். கம்பிகளை உருவி எடுக்கும்போது மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள், ஊற்றிக்கொண்டே எடுக்கட்டும்.

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு கிடங்கு வேலையில் டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பினேன். இருபது நிமிடத்துக்குள் இரண்டு சோதனை முடித்து எழுதியிருந்தார்கள்: 14, 16. அதற்கு மேலே 10, 12. படிக்கட்டு மாதிரி ஏறுகிற எண்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மண் அப்படி ஒழுங்காக நடந்துகொள்ளாது. பக்கத்திலேயே இன்னொரு துளை போட வைத்து, கூட நின்று எண்ணினேன். அதே ஆழத்தில் 5. அந்த டீக்கு நான் கொடுத்த விலை இன்னொரு துளைக்கான கூலி. பொறுப்பாளர் சண்டை எதுவும் போடவில்லை. அது இன்னும் கவலையாக இருந்தது.

பிளவுக் குழாயைத் திறக்கும்போது மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். நிறம், வாசனை, ஈரம். விரலில் திரித்தால் கயிறாக உருள்கிறதா, நறநறக்கிறதா? கறுத்து, அழுகிய இலை வாசனை அடித்தால் கரிமச் சேறு. உடனே பொறியாளருக்குப் போன் செய்யுங்கள். அப்புறம் அதைக் காற்றுப்புகாத பையில் போட்டு, துளை எண், ஆழம், தேதி எழுதிய சீட்டை உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வையுங்கள்.

களியில் கலையாத மாதிரி எடுப்பது தனி வேலை. மெல்லிய சுவர்க் குழாயை அழுத்தி இறக்கி, சற்று நேரம் அப்படியே விட்டு, திருகி எடுத்து, இரண்டு முனையையும் மெழுகு உருக்கி அடைக்க வேண்டும். அடைத்த குழாயை வெயிலில் போடக்கூடாது. பைக்கில் கட்டிக் குலுக்கிக்கொண்டு போவதையும் பார்த்திருக்கிறேன். ஆய்வகம் போய்ச் சேரும்போது 'கலையாத' என்ற அடைமொழி மட்டும் கலையாமல் இருக்கும்.

நீர்மட்டத்தை அன்றே அளந்து எழுதிவிட்டுப் போவார்கள். போதாது. துளை போட்ட கரைசல் அடங்கி நிஜ மட்டம் தெரிய 24 மணி நேரமாவது வேண்டும். மறுநாள் காலை ஒரு கயிற்றில் கல் கட்டி நீங்களே அளக்கலாம். வேலை முடிந்ததும் துளையை மண்ணோ சிமெண்ட் கரைசலோ போட்டு அடைக்கச் சொல்லுங்கள். திறந்து கிடக்கும் துளை குழந்தைகளுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் ஆபத்து. நிலத்தடி நீருக்கும் கெடுதல்.

பாறை என்று சொன்னால்

50 அடி அடித்தும் 15 செ.மீ. இறங்கவில்லை என்றால் அதை 'ரெஃப்யூசல்' என்று எழுதுவார்கள். செம்மண் மேட்டில் இந்தச் சொல்லோடு வேலையை முடித்துவிடுவது பெரிய ஏமாற்றம். இறுகிய சரளை ஒரு மீட்டர், அதன் கீழே பல நிறம் கலந்த களி, மறுபடி மணற்கல் என்று வருவது இந்தப் படிவத்தின் சுபாவம். மேற்கே கருங்கல் பிரதேசத்தில் வேறொரு பொறி: சிதைந்த மண்ணுக்கு நடுவில் மிதக்கும் உருண்டைக் கல். அதன் மேல் போய் முட்டிக்கொண்டு பாறை என்று எழுதிவிடுவார்கள். 3 மீட்டர் கோர் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

வைரம் பதித்த பிட்டால் அறுத்து எடுக்கும் உருளைத் துண்டுகளை மரப்பெட்டியில் வரிசையாக அடுக்குவார்கள். துளைத்த நீளத்தில் எவ்வளவு துண்டு கைக்கு வந்தது என்பது ஒரு கணக்கு. அதில் 10 செ.மீ.க்குக் குறையாத துண்டுகளை மட்டும் கூட்டி, துளைத்த நீளத்தால் வகுத்தால் ஆர்.க்யூ.டி., அதாவது பாறையின் தரக் குறியீடு. உதாரணமாக 1.5 மீட்டர் துளைத்து, அப்படிப்பட்ட துண்டுகள் மொத்தம் 90 செ.மீ. இருந்தால் 60 சதவீதம்; நடுத்தரப் பாறை. 25க்குக் கீழே என்றால் மிக மோசம், 75க்கு மேல் நல்லது, 90 தாண்டினால் அருமை. துளைக்கும்போது கருவி உடைத்த முறிவும் பாறையில் இயல்பாக இருந்த விரிசலும் வேறு வேறு. புதிய முறிவு பளிச்சென்று இருக்கும். பழைய விரிசலில் துரு நிறமோ களிப் பூச்சோ தெரியும். புதிய முறிவின் இரண்டு பக்கத்தையும் ஒரே துண்டாகத்தான் எண்ண வேண்டும். பெட்டியை நனைத்து, அளவுகோல் வைத்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த தண்ணீரின் நிறம் திடீரென மாறியதா, தண்ணீர் திரும்பாமலே மறைந்ததா என்றும் குறிக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புக் கல் பக்கம் இது முக்கியம். கல்லுக்குள் பொத்தல் இருந்தால் அப்படித்தான் தெரியவரும்.

ஆய்வகத்தில் கேட்க வேண்டியவை

இங்கே நீங்கள் நிற்கத் தேவையில்லை, ஆனால் எந்தச் சோதனை எதற்கு என்று தெரிந்திருக்கட்டும். சல்லடைச் சோதனை மணலின் பருமனுக்கு. நீர்ம வரம்பும் நெகிழ் வரம்பும் களியின் குணத்துக்கு. நேர் வெட்டுச் சோதனையோ மூவச்சுச் சோதனையோ வலிமைக்கு. இறுக்கச் சோதனை, கட்டடம் ஏறிய பிறகு களி எவ்வளவு அமுங்கும், எத்தனை வருடம் அமுங்கும் என்பதற்கு. உப்பனாற்றுக் களியில் கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

கருங்களி இருந்தால் உப்பல் சோதனை. 425 மைக்ரான் சல்லடையில் சலித்த உலர்மண் 10 கிராமை ஒரு குடுவைத் தண்ணீரிலும், இன்னொரு 10 கிராமை மண்ணெண்ணெயிலும் போட்டு 24 மணி நேரம் வைப்பார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் அதைவிட எத்தனை சதவீதம் அதிகம் உப்பியதோ அதுதான் குறியீடு. 50ஐத் தாண்டினால் சாதாரண ஃபுட்டிங்கைப் பற்றி யோசிக்க வேண்டும். கோடையில் சுருங்கி மழையில் உப்பிச் சுவரைக் குறுக்கே கீறும் மண் அது.

கடலோரத்தில் உப்பு. குளோரைடு கம்பியைத் தின்னும், சல்பேட் கான்கிரீட்டைத் தின்னும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் 'கடுமை' என்று வகைப்படுத்தி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம் 30 (M30) தரம் கேட்கிறது. சோதனையில் சல்பேட் அதிகமாக வந்தால் சிமெண்ட் வகையையே மாற்ற வேண்டியிருக்கும்.

நீரில் ஊறிய தளர்ந்த மணல் கிடைத்தால் நிலநடுக்கத்தில் அது குழம்பாகிவிடுமா என்ற கணக்கையும் கேளுங்கள். நம் பக்கம் அதெல்லாம் வராது என்பார்கள். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அருகே கடலுக்கடியில் 5.5 அளவில் வந்தது.

அறிக்கை கைக்கு வந்ததும்

எல்லோரும் கடைசிப் பக்கத்துக்குப் போய் தாங்குதிறன் எண்ணை மட்டும் பார்ப்பார்கள். சதுர மீட்டருக்கு 15 டன் என்று இருந்தால் சந்தோஷம். அந்த எண் தனியாக எதுவும் சொல்லாது. எந்த ஆழத்தில், எவ்வளவு அகல ஃபுட்டிங்குக்கு, எவ்வளவு அமுங்கலை ஏற்றுக்கொண்டு என்ற மூன்றும் கூட இருக்க வேண்டும். மண் பிளந்துகொள்ளாமல் தாங்கும் எண் ஒன்று, அமுங்கல் வரம்புக்குள் தாங்கும் எண் ஒன்று. இரண்டில் குறைந்ததுதான் உங்களுக்கு. அறிக்கையில் ஒன்று மட்டும் இருந்தால் மற்றது எங்கே என்று கேளுங்கள். அலகையும் பாருங்கள்: 100 கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய 10 டன், இதைக் குழப்பிக்கொண்டு நடந்த வாக்குவாதம் ஒன்று எனக்குத் தெரியும்.

நீங்கள் அன்றைக்கு நோட்டில் எழுதிய என் மதிப்புகளோடு அறிக்கையின் அட்டவணையை ஒப்பிடுங்கள். அவர்கள் திருத்தம் செய்த மதிப்பைக் கொடுத்திருந்தால் மாறுபடும். அப்போது திருத்தத்துக்கு முந்திய மதிப்பும் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு துளையின் அடுக்குகளையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பாருங்கள். ஒரு துளையில் களி 4 மீட்டரில் முடிந்து இன்னொன்றில் 9 மீட்டர்வரை போனால், கட்டடத்தின் ஒரு பக்கம் கூடுதலாக இறங்கும். அங்கே நடுவில் மூன்றாவது துளை போடாமல் வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

அறிக்கையை மடித்து பீரோவில் வைத்துவிடாதீர்கள். அஸ்திவாரம் தோண்டும் நாளில் அது குழிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஆழத்தில் செம்மண் சரளை என்று எழுதியிருக்க, ஜேசிபி வாளியில் கறுத்த மண்ணும் உடைந்த ஓட்டுச் சில்லும் பிளாஸ்டிக்கும் வந்தால் அது தூர்த்த பள்ளம். வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, கான்கிரீட் லாரிக்கும் இன்றைக்கு வர வேண்டாம் என்று போன் செய்துவிடுங்கள்.